கறுப்பு அட்டையும் சந்தனப் பொட்டும்

அத்தியாயம் 5

"காரைக் களவெடுத்தவன் அதுக்குப் பூசையும் போடுவானோ?" என்று கேட்டாள் தக்ஷாயினி.

பவித்ரன் வெள்ளைக் கோப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு யோசித்தான். "பக்தியுள்ள திருடனா இருக்கலாம்லா அக்கா. வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சாமி கும்பிடுறது நல்ல பழக்கம்தானே."

ஈப்போ பழைய டவுன் கோப்பிக்கடையில், மூவரும் உட்கார்ந்திருந்த மேசையின் நடுவில் ஒரு கைப்பேசி கிடந்தது. அதில் ஒரு படம். ஏழு பேர் உட்காரும் வெள்ளைக் கார் ஒன்று மூக்கு நசுங்கிக் கால்வாயில் சரிந்து நின்றது. முன்மூடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். முன் கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை மூன்று கோடும் அழியாமல் இருந்தது. டயர் பள்ளத்தில் நசுங்கிய எலுமிச்சைத் தோல் கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

தக்ஷாயினி இருபத்திரண்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களைப் பரிசோதித்தவள். யாரையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கினாள். இப்போது அதையே மாடியில் ஓர் அறை எடுத்துச் சொந்தமாகச் செய்கிறாள். பவித்ரன் அவளுக்கு டிரைவர், உதவியாள், கேட்காமலே பேசும் வாய். முன்பு வாடகைக்குக் கார் ஓட்டியவன். ஏறியவர்களோடெல்லாம் சண்டை போட்டதால் அந்தத் தொழில் அவனை விட்டது.

எதிரே துளசி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தேநீர் ஆறிப்போயிருந்தது. அவள் கணவன் ஜெயபாலன் கார் வாடகைக் கடை மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து லோக்காப்பில் இருக்கிறான். இன்று செவ்வாய். நாளைக் காலை கார் திருடினான் என்று கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

"அவரு ஒரு ஸ்க்ரூ கூட எடுத்துட்டு வந்ததில்ல அக்கா," என்றாள் துளசி. "நாளைக்கிக் கோர்ட்டுல பேரு வந்திடிச்சின்னா அப்புறம் யாரு வேல குடுப்பா?"

காரை வாடகைக்கு எடுத்தவன் சுரேன். மெல்பர்னில் பன்னிரண்டு வருடமாக இருப்பவன். அந்தப் பன்னிரண்டு வருடத்தையும் சந்திக்கிற ஒவ்வொருவரிடமும் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவான். கடைக்காரி குமுதா, "எங்க பாதுகாப்புத் திட்டம் சேர்த்துக்குங்க சார், இடிச்சா உங்களுக்குக் கவலை இல்ல," என்றபோது அவன் சிரித்தானாம். கறுப்பு நிற வங்கி அட்டை ஒன்றை எடுத்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, "இந்த கார்டு எல்லாத்தையும் பார்த்துக்கும். எங்க ஊர்ல இதுதான் சிஸ்டம்," என்றானாம்.

அதில் பொய் இல்லை. சில கிரெடிட் கார்டுகளில் அப்படி ஒரு வசதி உண்டு. வெளிநாட்டில் கார் எடுக்கும்போது முழு வாடகையையும் அந்தக் கார்டிலேயே கட்ட வேண்டும். வாடகைக் கடையின் திட்டத்தை வேண்டாமென்று சொல்ல வேண்டும். பிறகு கார் இடித்தாலும் களவு போனாலும் கார்டின் காப்புறுதி கொடுக்கும். ஆனால் அதற்கு நிபந்தனைகள் பல பக்கம். கார்டை மேசையில் தட்டுகிற ஜாதி அந்தப் பக்கங்களைத் திறந்து பார்க்கிற ஜாதி அல்ல.

போலீசில் சுரேன் எழுதிக் கொடுத்தது இதுதான். சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு ஹோட்டல் வாசலில் ரோட்டோரம் நிறுத்தினான். ஆறு மணிக்கும் அது அங்கேயே நின்றதாம். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பார்த்தால் கார் இல்லை. ஹோட்டலில் கேமரா இருந்தது, இரண்டு மாதமாக அதில் படம்தான் இல்லை. அதே காலையில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர் ஒருவர், கோலா கங்சார் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்தின் பின்பாதைக் கால்வாயில் காரைக் கண்டு போலீசுக்குச் சொன்னார். பூட்டு உடையவில்லை. ஒரு சாவி சுரேனிடம், மாற்றுச் சாவி ஜெயபாலனின் சாமான் பெட்டியில். ஜெயபாலன் பிறந்ததும் அதே ஏழாங்கட்டையில்.

"ஜெயபாலன் பிறந்த இடம் சுரேனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் தக்ஷாயினி.

"இவரே சொன்னாரு. காடிய எடுத்துக் குடுக்கறப்ப, அண்ணே எந்த ஊரு, நான் ஏழாங்கட்டைன்னு பேச்சுக் குடுத்திருக்காரு. அந்தாளு கே.எல்.னு சொன்னானாம். இவரு சொன்னதையே போலீஸ் பாலாய்ல எழுதிக் குடுத்துட்டான்." துளசி ஆறிய தேநீரைத் தள்ளி வைத்தாள். "ஆசையாப் பேசினது குத்தமா அக்கா?"

தக்ஷாயினி கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினாள். "சனிக்கிழமை பின்னேரம் உங்கட வீட்டுப் பக்கம் மழையோ?"

"பேய் மழை. நாலு மணிக்குப் பிடிச்சது, ஆறுக்கு மேலதான் விட்டுச்சி. கொடியில போட்ட துணியெல்லாம் போச்சி."

"உங்கட வீடு எங்க?"

"அந்த ஹோட்டலுக்குப் பின்னால, ரெண்டு தெரு."

"குமுதா நேற்று போன்ல சுரேனிட்ட கேட்டவ, இந்தப் பூசை எப்ப போட்டதெண்டு. சனிக்கிழமை காலமை ஈப்போக் கோயில்ல போட்டதெண்டு சுரேன் சொல்லியிருக்கிறான். இப்ப சொல்லு பவித்ரா. ரெண்டு மணித்தியாலம் அந்த மழையில நிண்ட கார்ல சந்தனம் இப்பிடி இருக்குமோ?"

பவித்ரன் படத்தை நெருங்கிப் பார்த்தான். "என் கல்யாணத்துக்கு வெச்ச பொட்டே இவ்வளவு நேரம் நிக்கல அக்கா."

"வெள்ளிக்கிழமை ஜெயபாலன் கழுவித்தான் குடுத்தவர். அப்ப மழை விட்ட பிறகுதான் பூசை. ஒண்டில் களவெடுத்தவன் போட்டிருக்க வேணும், இல்லாட்டி களவே நடக்கேல்ல. கால்வாய்க்குக் கிட்ட என்ன கோயில் இருக்கு?"

"முனீஸ்வரன் கோயிலு," என்றாள் துளசி. "தோட்டத்து முன்னுக்கு."

தக்ஷாயினி எழுந்தாள். "சுரேனுக்கு அஞ்சு மணிக்கு பிளேன். கெதியா வாங்கோ."

பவித்ரனின் பழைய சாகா கார் முனகிக்கொண்டே ஏழாங்கட்டையை அடைந்தபோது மணி பதினொன்று. ரப்பர்ப் பால்மரம் எல்லாம் என்றைக்கோ போய்விட்டது. கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. கோயில் மட்டும் தகரக் கூரையோடு இருந்த இடத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை என்பதால் பூசாரி பிச்சைமுத்து காலைப் பூசை முடிந்தும் போகாமல் இருந்தார். அவரும் இப்போது சுங்கை சிப்புட் வாசிதான். தினப் பூசைக்கு மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர்.

துளசியைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு தக்ஷாயினி இறங்கினாள். "ஐயா, இந்தக் காருக்கு ஒரு பூசை போட வேணும்."

பிச்சைமுத்து சாகாவைச் சுற்றி வந்தார். "இதுக்கா?"

"சாமிக்கு எல்லா காடியும் ஒண்ணுதான்லா," என்றான் பவித்ரன் ரோஷத்தோடு.

"இல்ல தம்பி, பூசையோட நிறுத்தாத. நாப்பத்தெட்டு நாளு அர்ச்சனையும் சொல்லிடு. இதுக்குத் தேவைப்படும்." பூசாரி உள்ளே போய்ப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். "பேரு, ராசி, நட்சத்திரம், காடி நம்பரு. தெனமும் வாசிக்கணும், நமக்கு ஞாபகம் நிக்கறதில்ல."

"பவித்ரன். நட்சத்திரம்... கொஞ்சம் இருங்க மாமா, அம்மாவுக்குப் போன் போடுறேன்."

அவன் போன் போட, பூசாரி பேனாவைத் திறந்தார். தக்ஷாயினி பவித்ரனின் பெயருக்கு மேல்வரியைப் படித்தாள். சுரேன், மகரம், உத்திராடம். பக்கத்தில் கார் நம்பர், நாற்பத்தெட்டு நாள் அர்ச்சனை. மேலே சனிக்கிழமைத் தேதி.

அவளுக்கு முகம் மாறவில்லை. அந்தப் பயிற்சிக்குத்தான் இருபத்திரண்டு வருடம். "இந்த ஆளும் கார்ப் பூசைக்குத்தான் வந்தவரோ?"

பூசாரியின் முகம் மலர்ந்தது. "நம்ம அக்கா மவன்மா! இந்தத் தோட்டத்துலதான் பொறந்தான். அஞ்சு வயசுலயே பட்டணம் போயிட்டாங்க. இப்ப ஆஸ்திரேலியால பெரிய ஆளு. புதுக்காடி வாங்கிட்டேன் மாமான்னு சனிக்கிழமை சாயந்தரம் ஏழு மணிக்குக் கொண்டாந்து நிறுத்துறான். நான் விடுவனா? பூசை போடாம நம்ம மண்ண விட்டுப் போகக் கூடாதுன்னுட்டேன். எலுமிச்சம்பழம் நாலு வெச்சி ஏத்த வெச்சேன். அப்புறம் பொறந்த லயத்து வீட்டப் பார்த்து காடியோட ஒரு படம் புடிச்சிக்கிறேன்னு பின்பாதையில போனான். நான் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

பவித்ரன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான். வாடகைக் காரைச் சொந்தக் கார் என்று அளந்து, அந்த அளப்பைக் காப்பாற்ற அதற்குப் பூசையும் போட்டுக்கொண்ட ஒரு மனிதனை அவன் முதல் முறையாகக் கேள்விப்படுகிறான்.

தக்ஷாயினி கார்ப் பக்கம் திரும்பிக் கையசைத்தாள். துளசி இறங்கி வந்தாள்.

"ஏம்மா, நீ நம்ம ஜெயபாலன் சம்சாரம்தானே?" என்றார் பூசாரி. "மூணாம் லயத்துப் பையன். என்ன, அழுவுறியா?"

துளசி சொன்னாள். சுற்றி வளைக்காமல், கார் யாருடையது, அது எங்கே கிடந்தது, யார் புகார் கொடுத்தது, யார் உள்ளே இருக்கிறான் என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். பிச்சைமுத்து கேட்டுக்கொண்டே கோயில் படியில் உட்கார்ந்தார்.

"வாடகைக் காடிக்கா நான் பூசை போட்டேன்?" என்றார் முதலில். பிறகு, "காலையில கூட அவன் பேரச் சொல்லி அர்ச்சனை பண்ணேனேம்மா," என்றார். நோட்டுப் புத்தகத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சாகாவின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"என் பூசை?" என்றான் பவித்ரன்.

"காடிய எடுடா," என்றார் பூசாரி.

ஹோட்டல் வரவேற்பறையில் சுரேன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். கட்டடத்துக்குள்ளும் தலைமேல் கறுப்புக் கண்ணாடி. தக்ஷாயினி தன்னைக் குமுதா அனுப்பியதாகச் சொன்னதும் கடிகாரத்தைப் பார்த்தான்.

"மேடம், எல்லாம் ரிப்போர்ட்ல இருக்கு. களவு போன காருக்கு என் கார்டு குடுத்துடும். உங்க ஆளை வேலைக்கு வெச்சது உங்க பிரச்சினை. இந்த ஊர்ல ஆள் செலக்ட் பண்ணத் தெரியாது."

"ஏழாங்கட்டைத் தோட்டம் தெரியுமோ?"

"உங்க மெக்கானிக் ஊருன்னு சொன்னான். நான் போனதே இல்ல."

தக்ஷாயினி தன் போனை நீட்டினாள். நோட்டுப் புத்தகத்தின் பக்கம் திரையில் இருந்தது. சுரேன் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கினான்.

"சுரேன்னு ஆயிரம் பேர் இருப்பாங்க."

"இதே கார் நம்பரோடயோ?"

"அப்போ திருடினவன் என் பேரைக் குடுத்திருப்பான். வாடகைப் பேப்பர் கார்லதானே இருந்துச்சு."

"அந்தப் பேப்பர்ல உங்க நட்சத்திரமும் இருந்துச்சா சார்?" என்றான் பவித்ரன். "காடியத் திருடிட்டு, தனக்குன்னு ஒண்ணும் கேக்காம, நீங்க நல்லா இருக்கணும்னு நாப்பத்தெட்டு நாள் அர்ச்சனையும் சொல்லிட்டுப் போயிருக்கான். அந்தத் திருடன் அட்ரஸ் கிடைக்குமா? என் காடியும் வெளியதான் நிக்குது."

"போலீசுக்குப் பொய் சொன்னீங்கள்," என்றாள் தக்ஷாயினி. "குமுதாவுக்கு, வங்கிக்கு, உங்கட மாமாவுக்கும் சொன்னீங்கள். ஆனா அர்ச்சனைக்குப் பேர் கேட்டா மட்டும் உண்மை வந்திட்டுது. வேற பேர் குடுத்தா புண்ணியம் வேற ஆளுக்குப் போயிடும், என்ன?"

"ப்ரூவ் பண்ணுங்க. ஒரு நோட்டுப் புக்கை வெச்சிக்கிட்டு—"

"சுரேனு." தூணுக்குப் பின்னாலிருந்து பிச்சைமுத்து வந்தார். வேட்டி, வெறுங்கால், நெற்றி நிறையத் திருநீறு. வரவேற்பு மேசைப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "எங்கிட்ட சொன்ன பொய்ய வுடு. சாமி முன்னால நின்னு நீதான் பேரு சொன்ன. இல்லன்னு இப்ப என் மூஞ்சப் பார்த்துச் சொல்லு."

சுரேன் தலையில் இருந்த கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். அவன் இல்லையென்று சொல்லவில்லை. துணிச்சல் எல்லாம் தெரியாத ஆட்களிடம்தான்.

"நான் என்ன பண்றது மாமா?" என்றான் கடைசியில். குரலிலிருந்து ஆஸ்திரேலியா முழுவதும் இறங்கிவிட்டிருந்தது. "திருப்பறப்ப சறுக்கி லோங்கான்ல, அந்தக் கால்வாய்ல வுழுந்துடிச்சி. அங்கேயே நின்னு கார்டு ரூல்ஸப் பார்த்தேன். தார் போடாத ரோட்ல போனா கவர் இல்லன்னு எழுதியிருக்கு. அது முழுக்க செம்மண்ணு. திருட்டுன்னா மட்டும் குடுப்பான். ரோட்டுக்கு நடந்து வந்து டாக்சி புடிச்சி ஹோட்டலுக்கு வந்துட்டேன். நான் யாரையும் மாட்டிவிடணும்னு நினைக்கல. போலீஸ் சாவி யார்கிட்டன்னு கேட்டாங்க."

"அந்த ரூல்ஸைக் காட்டுங்கோ," என்றாள் தக்ஷாயினி.

அவன் அவசரமாகத் தேடிக் கொடுத்தான். அவள் தன் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைப்பைப் படித்தாள். பிறகு கைப்பையிலிருந்து குமுதாவின் வாடகை ரசீதை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்கள் எந்தக் கார்டுல காசு கட்டினீங்கள்?"

"கறுப்பு."

"இது நீலக் கார்டுட விதி."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். இழப்பீட்டு மனுவைத் தள்ளுபடி செய்யும்போது அவளுடைய குரல் இப்படித்தான் இருக்கும் என்று அந்தக் காலத்துச் சக ஊழியர்களுக்குத் தெரியும். "உங்களிட்ட ஒரே வங்கியின்ர ரெண்டு கார்டு இருக்கு. நீலத்துக்கு ஒரு விதி, கறுப்புக்கு வேற விதி. கறுப்புக் கார்டுட விதியை நேற்று இருந்து வாசிச்சனான், நாற்பத்தொரு பக்கம். கடற்கரையில ஓடினா கவர் இல்லை. பந்தயத்தில ஓடினா இல்லை. செம்மண் ரோட்டைப் பற்றி அதில ஒரு சொல்லும் இல்லை. சறுக்கி விழுந்துட்டன் எண்டு இருந்த உண்மையைச் சொல்லியிருந்தா முழுக்கக் குடுத்திருப்பாங்கள்."

அவன் ரசீதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். பவித்ரன் எதையோ சொல்ல ஆரம்பித்து, துளசி உள்ளே வந்து நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சுரேன் துளசியைப் பார்க்கவே இல்லை. மாமாவையும் பார்க்கவில்லை. தக்ஷாயினியிடம் மெதுவாகக் கேட்டான். "அப்போ... இப்போ உண்மையைச் சொன்னா, கார்டு குடுக்குமா மேடம்?"

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பொய்யர்களைப் பார்த்தவள் தக்ஷாயினி. இந்தக் கேள்வி காதில் விழுந்தபோது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"பொய்ப் புகார் குடுத்தவனுக்கு எந்தக் கலர்லயும் கார்டு இல்லை. எழும்புங்கோ."

"ரெண்டு ராத்திரி சிமெண்டுத் தரையில படுத்திருக்காரு," என்றாள் துளசி. அவள் கத்தவில்லை. "அவரு பேர நீங்க ஒரு தடவ கூட சொல்லல. சாவி வெச்சிருந்தவன்னு சொல்றீங்க. ஜெயபாலன். பாலாய்ல போய் அந்தப் பேரச் சொல்லித்தான் அவரு மேல தப்பில்லன்னு எழுதிக் குடுக்கணும்."

பிச்சைமுத்து ஒரு பெட்டியைத் தூக்கினார். பவித்ரன் மற்றதைத் தூக்கினான். சுரேனுக்கு அவர்கள் பின்னால் போவதைத் தவிர வழி இருக்கவில்லை.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் இரண்டு மணி நேரம் எழுதினார். முதலில் சுரேன் சொன்னதை, பிறகு பூசாரி சொன்னதை. நோட்டுப் புத்தகத்தை இரண்டு தடவை படம் எடுத்தார். மாஜிஸ்திரேட்டுக்குப் போன் போட்டார். ஐந்து மணி விமானம் இவர்கள் தலைக்கு மேலேயே கிளம்பிப் போனது.

ஐந்தே முக்காலுக்கு உள்கதவு திறந்தது. ஜெயபாலன் வந்தான். பெல்ட் இல்லாததால் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். துளசி ஓடிப்போய் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் காலரையே பிடித்துக்கொண்டு அழுதாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுரேனை ஜெயபாலன் பார்த்தான். பவித்ரன் பக்கத்திலிருந்த நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்தான். அடி விழுந்தால் இடம் வேண்டும் என்ற நல்லெண்ணம்.

ஜெயபாலன் அடிக்கவில்லை. எதிரே வந்து நின்றான்.

"அந்த லோங்கான் எனக்குத் தெரியும்ணே," என்றான். "மழை பேஞ்சா அந்த இடத்துல யாரா இருந்தாலும் சறுக்கும். சாவி குடுக்கறப்ப என் நம்பரும் எழுதிக் குடுத்தேனே. ஒரு போன் அடிச்சிருந்தா, எந்த நேரமா இருந்தாலும் கயிறு கொண்டாந்து நானே இழுத்து விட்டிருப்பேன்லா."

சுரேன் தரையைப் பார்த்தான். பிச்சைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போனார். சொல்ல வேண்டியதை அந்த மெக்கானிக் சொல்லிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார். சுரேன் எழுந்தான். கான்ஸ்டபிள் ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டி, பெல்ட், கைக்கடிகாரம், பர்ஸ் மூன்றையும் அதில் போடச் சொன்னார்.